குவில்ட் லேபிளில் தமிழ் எழுத்து: மெஷின் எம்ப்ராய்டரியில் எவ்வளவு சின்னதாகப் போகலாம்?

ஒட்டுத்துணி · ஜூன் 4, காலை

வீட்டு எம்ப்ராய்டரி மெஷின், 10 × 10 செ.மீ. ஃபிரேம். குவில்ட்டின் (மூன்று அடுக்காகத் தைக்கும் ஒட்டுப்போர்வை) பின்பக்கம் தைக்க லேபிள் வேண்டும். நாலு வரி: யாருக்கு, யார் தைத்தது, ஊர், ஆண்டு. மெஷினிலேயே இருக்கிற இங்கிலீஷ் எழுத்து 6 மி.மீ. உயரத்தில் சுத்தமாக விழுகிறது. அதே உயரத்தில் தமிழ் போட்டால் ண, ன, ள மூன்றும் ஒரே உருண்டை. மேல்நூல் 40 நம்பர் பாலியஸ்டர் (நம்பர் ஏற ஏற நூல் மெலியும்), ஊசி 75/11, துணி காடா, அடியில் துணியைத் தாங்க, பிறகு கிழித்தெடுக்கிற பேப்பர் ஒன்று.

என் முடிவு: தமிழ் லேபிள் 12 மி.மீ.க்குக் கீழே சாத்தியமில்லை. மறுக்கிறவர்கள் அளவோடு மறுக்கவும்.

பாபின்கேஸ் · ஜூன் 4, மதியம்

12 தேவையில்லை. 40 நம்பர் நூலில் 8 மி.மீ., 60 நம்பர் நூலில் 6.5 வரை இறங்கலாம். நான் சொல்கிற உயரம் "ப" எழுத்தின் உயரம். மேலே ஏறும் இகரச் சுழி, புள்ளி, கீழே தொங்கும் உகரம் எதுவும் இதில் சேராது. அவற்றுக்கு மேலும் கீழும் தனியாக இடம் விட வேண்டும்.

சிக்கல் உயரத்தில் இல்லை, எழுத்துக்குள் மிஞ்சும் வெற்றிடத்தில். மூன்று சுழி ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. உயரத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 10 மி.மீ. அதற்குள் ஐந்து கோடுகள் மேலும் கீழும் ஓடுகின்றன. ஒரு கோட்டின் நடுவிலிருந்து அடுத்த கோட்டின் நடுவுக்கு 2 மி.மீ.தான். சாட்டின் பட்டை (கோட்டை நிரப்பி நெருக்கமாகக் குறுக்கே ஓடும் தையல்) 1.2 மி.மீ. என்றால் இடைவெளி 0.8. நூல் இரண்டு பக்கமும் கொஞ்சம் பிதுங்கும், துணியும் உள்ளே இழுபடும். மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு சுழி அடைத்துவிட்டால் ண போய் ன ஆகிவிடும். 8 மி.மீ. உயரத்தில், பட்டையை 1.0 ஆகக் குறைத்தால், இடைவெளி 1.6 மி.மீ. வரை கிடைக்கும். அது அடையாது.

அமைப்புகள்:

40 நம்பர் நூலுக்கு பட்டை அகலம் 1.0 முதல் 1.2, தையல் நெருக்கம், அதாவது அடுத்தடுத்த தையல்களின் இடைவெளி, 0.45 மி.மீ. மென்பொருள் தானாக வைக்கும் 0.4 பெரிய எழுத்துக்குச் சரி, சின்ன எழுத்தில் நூல் மேல் நூல் ஏறும். இழுப்பு ஈடு (துணி இழுபடுவதற்காகப் பட்டையைக் கொஞ்சம் அகலமாக்குவது) மொத்தம் 0.2-க்கு மேல் வேண்டாம், ஏனென்றால் அது பட்டையைத் தடிக்க வைத்து நீங்கள் காப்பாற்ற நினைக்கிற இடைவெளியையே தின்னும். அடித்தையல் (சாட்டினுக்கு முன் அதன் அடியில் போடுவது) நடுவே ஓடும் ஒற்றை ஓட்டம் மட்டும். ஜிக்ஜாக் அடித்தையல் 2 மி.மீ.க்கு மேல் அகலமான பட்டைக்குத்தான்.

60 நம்பர் நூலுக்கு ஊசியையும் மாற்ற வேண்டும்: 65/9. பட்டை 0.8, நெருக்கம் 0.35. மெல்லிய நூலைத் தடித்த ஊசியில் ஓட்டினால் ஊசித்துளை நூலைவிடப் பெரிதாக இருந்து எழுத்தின் ஓரம் பல்பல்லாகத் தெரியும்.

வேகம் நிமிடத்துக்கு 400 தையல். மெஷின் 700 போகும் என்பதற்காக 700-இல் ஓட்ட வேண்டாம். சின்னச் சுழியில் ஃபிரேம் ஒரு திசையில் போய் நிற்பதற்குள் மறு திசைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

கரூர்க்காரர் · ஜூன் 4, இரவு

முதல்ல காடாவ மாத்துங்க. இழை தடிமன், நெசவு தளர்வு. ஊசி இழைக்கு நடுவுல இறங்காம பக்கத்துல வழுக்கி இறங்கும். 0.8 மி.மீ. பட்டையில அரை மில்லி வழுக்கினா எழுத்து கோணிரும். நெருக்கமா நெய்த பாப்ளின் இல்லன்னா கேம்பிரிக் எடுங்க. வெந்நீர்ல ஒரு தடவ அலசி, சுருங்க விட்டு, நல்லா கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணுங்க. லேபிள் துணி சுருங்காம இருந்து குவில்ட் போனப்புறம் சுருங்கினா எழுத்தச் சுத்தி மடிப்பு விழும், அத எடுக்கவே முடியாது.

அடியில ஒரு பேப்பர் போதாது. நடுத்தர எடைல ரெண்டு, ஒண்ணு குறுக்கா ஒண்ணு நெடுக்கா. கிழிக்கிற பேப்பர் ஒரு திசையில சுலபமா கிழியும், அதனால ஒரே திசைல வெச்சா தையல் ஓடும்போதே அந்தப் பக்கமா வாய் பிளந்துக்கும்.

மிதிமெஷின் டீச்சர் · ஜூன் 5, காலை

ரெண்டு பேரும் சாட்டின்னே புடிச்சுக்கிட்டு இருக்கீங்க. லேபிளுக்கு சாட்டினே வேண்டாம்னு சொல்ல வர்றேன்.

தமிழ் எழுத்து கோடா எழுதுற எழுத்து. எழுத்தாணியில எழுதினப்போ தடிமன் ஏது? பேனா ஓடுற பாதையில ஊசி ஓடினா போதும், எழுத்து படிக்க வரும். எம்ப்ராய்டரி மெஷின்ல அதுக்குப் பேர் மூணு ஓட்டத் தையல்: முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, மறுபடி முன்னால ஒண்ணு. தையல் நீளம் நேர்கோட்டுல 2 மி.மீ., சுழியில 1.2. 40 நம்பர் நூல்லயே ஒரு பால்பாயிண்ட் பேனாக் கோடு மாதிரி தெரியும். சுழி அடைக்காது, 7 மி.மீ.ல ணவும் னவும் தனித்தனியா நிக்கும்.

எம்ப்ராய்டரி மெஷின் இல்லாதவங்களும் இத செய்யலாம். சாதாரண மிதி மெஷின் போதும். துணிய நகர்த்துற பல்ல இறக்கணும். இறக்க வழியில்லாத பழைய தலைன்னா தகடு வெச்சு மூடணும். பாதத்தக் கழட்டிட்டு, பாதத்தூக்கிய மட்டும் மறக்காம கீழ இறக்கணும். அத மேலயே விட்டுட்டா மேல்நூல்ல இழுப்பே இருக்காது, அடியில நூல் பந்தாச் சுத்திக்கும். துணிய வளையத்துல தலைகீழா மாட்டணும், அதாவது துணி மெஷின் தட்ட ஒட்டிப் படியணும். எழுத்த சாக்பீஸ்ல எழுதிக்கிட்டு வளையத்தக் கையால ஓட்டணும். கால் வேகம் சீரா, கை வேகம் மெதுவா. கை வேகமாப் போனா தையல் நீளும், ஊசி வளையும், ஒடியும். விரல் வளையத்து விளிம்புலதான் இருக்கணும், உள்ள வரக் கூடாது. பாதம் இல்லாத ஊசி விரலுக்கு இரக்கம் பாக்காது.

ஒட்டுத்துணி · ஜூன் 5, இரவு

பாப்ளின், ரெண்டு பேப்பர், 8 மி.மீ., பட்டை 1.0, நெருக்கம் 0.45. ண பிழைத்துவிட்டது. ழ-வின் வால்கூடத் தெரிகிறது. இப்போது புள்ளிதான் தொல்லை. ஒவ்வொரு மெய்யெழுத்தின் மேலும் கடுகு மாதிரி ஒரு முடிச்சு. "அம்மாவுக்கு" என்பதில் ம் ஒன்று, க் ஒன்று, இரண்டிலும் அடியில் நூல் கூடு கட்டுகிறது. ஊசி ஒன்று ஒடிந்தது.

பாபின்கேஸ் · ஜூன் 5, இரவு

புள்ளியை மென்பொருள் ஒரு தனிப் பொருளாகப் பார்க்கிறது. தொடக்கத்தில் நூல் அவிழாமலிருக்கப் பூட்டுத் தையல், முடிவில் பூட்டுத் தையல், நடுவில் நிரப்பு, அதற்கு அடித்தையல் வேறு. 1 மி.மீ. வட்டத்துக்குள் பதினைந்து இருபது முறை ஊசி இறங்குகிறது. பாப்ளினில் அந்த இடத்தில் துணியே மிஞ்சாது.

புள்ளிக்கு அடித்தையலை அணைத்துவிடுங்கள். வட்டத்தை அழித்து, 1.3 மி.மீ. அகலம் 1.3 உயரத்தில் ஒரு குட்டிச் சாட்டின் பட்டையாக வரையுங்கள். நெருக்கம் 0.5. பூட்டுத் தையலை மிகச் சின்ன அளவுக்கு வைத்தால் மொத்தம் ஏழு எட்டு இறக்கம்தான். தூரத்திலிருந்து சதுரம் வட்டமாகத்தான் தெரியும், நூலுக்கு மூலை கிடையாது.

வரிசையும் முக்கியம். எழுத்தை முடித்தவுடன் அதன் புள்ளி, பிறகு அடுத்த எழுத்து. எல்லா எழுத்தும் முடிந்தபின் புள்ளிகளைத் தனியாகப் போட்டால் அதற்குள் துணி கொஞ்சம் இழுபட்டிருக்கும், புள்ளி தன் எழுத்தின் நடுவில் விழாது. க்-கின் புள்ளி பக்கத்து கு-வின் தலையில் போய் உட்கார்ந்தால் சொல்லே மாறிவிடும்.

கரூர்க்காரர் · ஜூன் 6, காலை

கூடு கட்டுறதுக்கு இன்னொரு காரணம்: தொடக்கத்துல நூல் முனைய விடுறது. தானா நூல் வெட்டுற மெஷின்ல ஒவ்வொரு புள்ளிக்கும் வெட்டி வெட்டித் தொடங்கும். வெட்டின முனை குட்டையா இருந்தா அடியில போய் சுருளும். 5 மி.மீ.க்குக் குறைவான தாவலுக்கு (தைக்காம அடுத்த இடத்துக்கு நகருறது) வெட்ட வேண்டாம்னு அமைச்சிருங்க. தாவல் நூல கடைசில கத்தரியால எடுத்துக்கலாம். வளைஞ்ச மூக்குள்ள சின்னக் கத்தரி வேணும், நேர்க் கத்தரி தையலயும் சேத்து வெட்டும்.

பாபின் நூல், அதாவது அடிநூல், மேல எட்டிப் பாக்குதா? லேபிளத் திருப்பிப் பாருங்க. சாட்டினோட அடிப்பக்கத்துல நடு மூணுல ஒரு பங்கு வெள்ள பாபின் நூலும், ரெண்டு ஓரமும் மேல்நூலும் தெரியணும். வெள்ளயே காணோம்னா மேல் இழுப்பு தளர்வு. முழுக்க வெள்ளன்னா மேல் இழுப்பு அதிகம், பாபின் மேல வந்துரும்.

நூற்கண்டு · ஜூன் 6, மதியம்

எந்த மென்பொருள் என்று யாரும் சொல்லவில்லையே. மெஷினோடு வந்ததில் தமிழ் தட்டினால் கொ என்பது க-வுக்குப் பின்னால் கொம்பு, பிறகு கால் என்று வருகிறது.

பாபின்கேஸ் · ஜூன் 6, மாலை

அது எழுத்துருவின் பிழை இல்லை. தமிழில் கொம்பு கணினிக்குள் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் காட்டும்போதுதான் முன்னால் நகர்த்தப்படுகிறது. அந்த நகர்த்தும் வேலையைப் பல எம்ப்ராய்டரி மென்பொருள்கள் செய்வதில்லை.

படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பும், அதன்மேல் ஏறி வரைவைத் தையலாக்கும் இங்க்ஸ்டிட்ச்சும் இலவசம். இங்க்ஸ்கேப்பில் தமிழ் சரியாக வரும். வழி இது:

பக்கத்தை 100 × 100 மி.மீ. ஆக்கி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தடிமன் மாறாத எழுத்துருவில் தட்டுங்கள். நோட்டோ செரிஃப் மாதிரி ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும் எழுத்துரு வேண்டாம், மெலியும் இடத்தில் சாட்டின் 0.4 மி.மீ. ஆகி நூல் குவியும். "ப" 8 மி.மீ. வரும்வரை பெரிதாக்குங்கள். அதை அப்படியே தையலாக மாற்றாதீர்கள். அதை ஒரு அடுக்கில் பூட்டி வெளிறச் செய்துவிட்டு, மேல் அடுக்கில் ஒவ்வொரு எழுத்தின் நடுக்கோட்டையும் பேனாக் கருவியால் நீங்களே வரையுங்கள். கோட்டின் தடிமன் 1 மி.மீ. பிறகு கோட்டைச் சாட்டினாக மாற்றும் கட்டளை. கோட்டின் தடிமனே பட்டையின் அகலமாகும்.

ப, ட, ம போன்ற எழுத்துகளின் மூலையில் கோட்டை உடைத்து இரண்டு துண்டாக்குங்கள். ஒரே கோடாக விட்டால் மூலையின் உட்பக்கத்தில் எல்லாத் தையலும் ஒரே துளையில் இறங்கும், வெளிப்பக்கம் விசிறி மாதிரி பிரிந்து துணி தெரியும். இரண்டு துண்டும் மூலையில் அரை மில்லி ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும்.

டீச்சர் சொன்ன மூன்று ஓட்டத் தையலுக்கு அதே நடுக்கோட்டையே வைத்துக்கொள்ளலாம், சாட்டினாக மாற்ற வேண்டாம். அதுவும் ஒரு வசதி: ஒரே வரைவில் இரண்டு வகையும் ஓட்டிப் பார்க்கலாம்.

சேமிப்பது மெஷினைப் பொறுத்து: பிரதர் என்றால் பி.இ.எஸ்., ஜனோமே என்றால் ஜே.இ.எஃப். டி.எஸ்.டி. பெரும்பாலான மெஷின்கள் படிக்கும், ஆனால் அதில் நூலின் நிறம் சேமிக்கப்படாது. எந்த வடிவத்தில் சேமித்தாலும் மூல எஸ்.வி.ஜி. கோப்பை அழிக்காதீர்கள். அடுத்த குவில்ட்டுக்குப் பெயரையும் ஆண்டையும் மட்டும் மாற்றினால் போதும். பென்டிரைவில் இருக்கும் தையல் கோப்பை மெஷினின் திரையிலேயே பெரிதாக்கிச் சிறிதாக்க வேண்டாம். பல மெஷின்களில் தையல் எண்ணிக்கை மாறாது, 20 சதவீதம் சுருக்கினால் நெருக்கம் அத்தனையும் ஏறி மறுபடி முதல் நாள் உருண்டைக்கே வருவீர்கள்.

மிதிமெஷின் டீச்சர் · ஜூன் 7, காலை

நூற்கண்டு, எழுத்துருவத் தேடி நேரத்தச் செலவழிக்காதீங்க. யாருக்காகத் தைக்கிறீங்களோ அவங்களுக்கு உங்க கையெழுத்துத் தெரியும். வெள்ளத் தாள்ல தடிச்ச பேனாவால எழுதி, போட்டோ எடுத்து, அந்த வெளிறின அடுக்குல வெச்சு நடுக்கோடு வரைங்க. தாள்ல எழுதும்போதே ப உயரம் 8 மில்லிக்கு ரெட்டைக் கோடு போட்டுக்குங்க. கையெழுத்துல சுழிய நாம தானா பெருசாப் போடுவோம், அதனால எழுத்துருவ விட சுத்தமா வரும்.

கரூர்க்காரர் · ஜூன் 7, மதியம்

டீச்சர், ஒரு விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். மூணு ஓட்டத் தையல் லேபிள் பூப்போட்ட துணியில காணாமப் போயிரும். ஒரே நிறத் துணியில, எதிர் நிற நூல்லதான் நிக்கும். குவில்ட்டோட பின்துணி பூப்போட்டதுன்னா லேபிள் துணிய வெள்ளையா எடுத்து, கரும்பச்ச இல்ல கருநீல நூல்ல தைங்க. கறுப்பு வேணாம், வெள்ளத் துணிக்கு அடியில கறுப்பு நூலோட முனைகள் நிழலாத் தெரியும்.

மிதிமெஷின் டீச்சர் · ஜூன் 7, மாலை

அது சரிதான் தம்பி. தடிச்ச கோடு வேணும்னா 12 நம்பர் பருத்தி நூல் இருக்கு. ஊசி 90/14, கண் பெருசா உள்ள மேல்தையல் ஊசி. தையல் நீளம் 3 மில்லி, ஒத்த ஓட்டம் போதும், மூணு தடவ ஓட்டினா துணி கிழியும். ஆனா 3 மில்லித் தையல்ல சுழி மூலைமூலையா வரும், அதனால எழுத்து 14 மில்லிக்காவது போகணும். பெரிய பேர் ஒண்ணு மட்டும் போடுறதுக்கு அது அழகு.

ஒட்டுத்துணி · ஜூன் 8

ஃபிரேமில் மாட்டுவது பற்றி. துணியை இறுக்கி மாட்டினால் கழற்றியபின் எழுத்தைச் சுற்றிச் சுருக்கம். தளர்த்தினால் எழுத்து நகர்கிறது.

பாபின்கேஸ் · ஜூன் 8

துணியை ஃபிரேமில் மாட்டவே வேண்டாம். பேப்பர் இரண்டையும் மட்டும் மேளத்தோல் மாதிரி இறுக்கி மாட்டுங்கள். அதன்மேல் தற்காலிக ஸ்பிரே பசை லேசாக. துணியை இழுக்காமல் மேலே விரித்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். பல மெஷின்களில் வடிவத்தைச் சுற்றிப் பெரிய கட்டுத்தையல் போடும் வசதி இருக்கிறது. அதை முதலில் ஓட்டினால் துணி நகராது, முடிந்ததும் பிரித்துவிடலாம். பசையை மெஷினுக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள், ஊசித்தண்டில் படியும்.

துணியை லேபிள் அளவுக்கு முன்கூட்டியே வெட்ட வேண்டாம். 8 அங்குலச் சதுரமாக வைத்துத் தைத்து, பேப்பரைக் கிழித்து, இஸ்திரி போட்டபின்தான் வெட்டு. தையல் துணியை இழுக்கும், முன்பே வெட்டியது செவ்வகமாக இருக்காது. பேப்பரைக் கிழிக்கும்போது ஒரு கட்டைவிரலால் எழுத்தை அமுக்கிக்கொண்டு மறுகையால் மெதுவாகக் கிழியுங்கள், இரண்டையும் சேர்த்து அல்ல, ஒவ்வொன்றாக.

இஸ்திரி: துவாலைமேல் எழுத்து குப்புற இருக்கும்படி வைத்து, பின்பக்கத்தில். முன்பக்கம் நேரடியாக அழுத்தினால் சாட்டின் தட்டையாகிப் பளபளப்புப் போய்விடும்.

நூற்கண்டு · ஜூன் 8

கோடு போட, சூட்டில் மறையும் பேனா வைத்திருக்கிறேன். இஸ்திரி பட்டதும் போய்விடும், சுலபம்.

கரூர்க்காரர் · ஜூன் 8

வேணாம். அந்த மை போறதில்ல, நிறம்தான் மறையுது. கடுங்குளிர்ல திரும்ப வரும். குளிர் நாட்டுக்குப் பார்சல் போற குவில்ட்ல கோடு முழுக்க எழும்பி நிக்கும். தண்ணில போற நீலப் பேனா எடுங்க. அதுலயும் ஒரு கண்டிஷன்: தண்ணில அலசி மை போன அப்புறம்தான் இஸ்திரி. முன்னாடி சூடு பட்டா நீலம் துணியில தங்கிரும்.

மிதிமெஷின் டீச்சர் · ஜூன் 9

எழுதுறது பத்திப் பேசியாச்சு, ஒட்டுறது பத்தி யாரும் பேசல.

ஓரம் மடிக்கிறதுக்கு நல்ல வழி: லேபிள் துணி எவ்வளவோ அதே அளவு மெல்லிய ஃப்யூசிங் (இஸ்திரி சூட்டுல ஒட்டுற பசைத் துணி) வெட்டிக்குங்க. ஃப்யூசிங்கோட பசைப் பக்கம் லேபிளோட எழுத்துப் பக்கத்தப் பாக்கணும். நாலு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைங்க, திருப்ப வாய் விட வேணாம். மூலையக் குறுக்கா வெட்டுங்க. ஃப்யூசிங் நடுவுல மட்டும் ஒரு கீறல் போட்டு, அதன் வழியாத் திருப்புங்க. இப்ப ஓரம் நாலும் உள்ள போயிரும், பசை வெளியில குவில்ட்டப் பாத்து நிக்கும். இடத்துல வெச்சு இஸ்திரி போட்டா ஒட்டிக்கும். அதுக்கப்புறம் சுத்தி மறைதையல் கையால. ஒட்டினதோட விட்டுராதீங்க, பத்துத் துவைப்புல மூலை எழும்பும். மறைதையல் ஊசி பின்துணியும் கொஞ்சம் பஞ்சும் மட்டும் எடுக்கணும், முன்பக்கம் எட்டக் கூடாது.

பாபின்கேஸ் · ஜூன் 9

குவில்ட்டின் மூலையில் வைக்கும் முக்கோண லேபிள் முறையையும் சொல்ல வேண்டும். 5 அங்குலச் சதுரத்தைக் குறுக்கே மடித்தால் முக்கோணம். வெட்டிய ஓரம் இரண்டும் பைண்டிங்குக்குள் (குவில்ட்டின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டை) போய்விடும், கையால் தைக்க வேண்டியது மடிப்போரம் ஒன்றுதான். பைண்டிங் வைப்பதற்கு முன்பே லேபிள் தயாராக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எழுத்தை மடிப்புக் கோட்டுக்கு இணையாக, கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளிப் போடுங்கள். அகலம் அங்கேதான் அதிகம்.

மிதிமெஷின் டீச்சர் · ஜூன் 9

மடிப்புக் கோட்டுக்கு இணையான்னா எழுத்து ஓடுறது முழுக் கிராஸ்ல, அதாவது இழைக்குச் சாய்வா. கிராஸ் துணி இழுத்த பக்கம் வரும். நீங்க சொன்ன கிழிக்கிற பேப்பர் அங்க பத்தாது. சதுரத்துக்கு முதல்ல பின்னால மெல்லிய ஃப்யூசிங் இஸ்திரி போட்டு ஒட்டிரணும், அத எடுக்கவே வேண்டாம். அதுக்கப்புறம்தான் பேப்பர், ஃபிரேம் எல்லாம். துணிய மூலை மேல பாக்குற மாதிரி சாய்ச்சு விரிச்சா எழுத்து ஃபிரேம்ல நேரா இருக்கும். இல்லன்னா கோப்பையே 45 டிகிரி திருப்பணும்.

பாபின்கேஸ் · ஜூன் 9

டீச்சர் சொல்வது சரி. ஃப்யூசிங் கட்டாயம்.

வடக்குவாசல் · ஜூன் 11

படித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் எப்படி என்பதைச் சொல்லிவிட்டீர்கள், என்ன எழுதுவது என்பதில் ஒரு விஷயம் குறைகிறது. ஒட்டுத்துணி சொன்ன நாலு வரியில் தைத்தவர் பெயர் முழுதாக இருக்க வேண்டும். "அம்மா", "பாட்டி" மட்டும் போதாது. வீட்டுக்குள் அம்மா யார் என்று எல்லாருக்கும் தெரியும், இரண்டு தலைமுறை தாண்டினால் தெரியாது.

அமெரிக்காவில் 1981-இல் கென்டக்கி குவில்ட் திட்டம் பழைய குவில்ட்டுகளைத் தேடிப் பதிவு செய்யத் தொடங்கியது, மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அப்படிப்பட்ட பதிவுகளில் ஓயாமல் எதிர்ப்படுவது செய்தவர் பெயர் தெரியாத குவில்ட். ஹாரியட் பவர்ஸ் அடிமையாகப் பிறந்தவர், ஜார்ஜியாவைச் சேர்ந்தவர். 1880-களில் அவர் தைத்த விவிலியக் குவில்ட் இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை 1891-இல் 5 டாலருக்கு வாங்கிய ஜென்னி ஸ்மித், ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று பவர்ஸ் சொன்னதை எழுதி வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் கட்டங்களின் பொருள் நமக்குப் பாதி தெரிந்திருக்காது.

நம் பக்கமும் உண்டு. கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கும் மானதாசுந்தரியின் காந்தாவில் (வங்காளத்துத் தையல் போர்வை), அவர் தன் தந்தைக்காகத் தைத்தது என்ற செய்தி நூலிலேயே இருக்கிறது. வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்கிற ஒட்டுப்போர்வையில் எழுத்து கிடையாது, நாலு மூலையிலும் பூலா என்கிற முக்கோணத் துணிப்பூ இல்லாமல் முடிக்க மாட்டார்கள். மூலையில் லேபிள் வைக்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

கரூர்க்காரர் · ஜூன் 11

மையால எழுதின பழைய லேபிளும் உண்டே?

வடக்குவாசல் · ஜூன் 11

உண்டு. அமெரிக்காவில் 1840-களில் நட்புக் குவில்ட்டுகளில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் மையால் கையெழுத்துப் போடும் வழக்கம் இருந்தது. இரும்புச் சத்துள்ள மையில் எழுதியது நாளடைவில் துணியையே தின்றுவிட்டது, எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவத்தில் ஓட்டை. இன்றைய நிறமிப் பேனாக்களில் அந்தக் கெடுதல் இல்லை, பிக்மா மைக்ரானை லேபிளுக்குப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் அடிக்கடி துவைக்கிற போர்வைக்கு நான் நூலைத்தான் நம்புவேன். நிறம் வெளுத்தாலும் தையலின் மேடு விரலுக்குத் தட்டுப்படும்.

ஒட்டுத்துணி · ஜூன் 13

12 மி.மீ. என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இப்போது வைத்திருப்பது:

பெயர் வரி 8 மி.மீ. சாட்டின், 40 நம்பர் நூல். கீழே ஊர், ஆண்டு, துவைக்கும் முறை மூன்றும் 7 மி.மீ. மூன்று ஓட்டத் தையல். வரிக்கு வரி 15 மி.மீ., அதற்குக் குறைத்தால் மேல்வரி உகரமும் கீழ்வரிப் புள்ளியும் முட்டுகின்றன. "அம்மாவுக்கு" 65 மி.மீ. அகலம் எடுக்கிறது, 10 செ.மீ. ஃபிரேமுக்குள் இடம் மிஞ்சுகிறது. துவைக்கும் முறை "குளிர்நீர், நிழலில் உலர்த்துக" என்று சுருக்கமாக. துணி கேம்பிரிக், நூல் கருநீலம்.

ஒரு கேள்வி மீதம். குவில்ட் மூன்று அடுக்கும் இன்னும் சேர்க்கவில்லை. லேபிளைப் பின்துணியிலேயே முதலில் தைத்து, அதன்மேல் குவில்ட் தையல் ஓட்டினால் யாரும் பிரித்தெடுக்க முடியாது என்கிறார்கள். செய்யலாமா?

பாபின்கேஸ் · ஜூன் 13

செய்யலாம். விற்பனைக்கோ கண்காட்சிக்கோ போகும் குவில்ட் என்றால் அதுதான் பாதுகாப்பு. குவில்ட் தையல் லேபிளைக் கடக்கிற இடத்தில் எழுத்து இருக்கக் கூடாது. ஆனால் தைப்பது முன்பக்கத்தைப் பார்த்து, அப்போது லேபிள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் மூன்று அடுக்கையும் சேர்த்தவுடன் லேபிளின் நாலு மூலையிலும் பின்னிலிருந்து குண்டூசி குத்தி, முன்பக்கத்தில் வெளிவரும் இடத்தைச் சாக்பீஸால் இணைத்துக் கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் எழுத்து வரிகளுக்கு நடுவே மட்டும் கோடு ஓடட்டும். பின்துணியை ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டியிருப்பீர்கள், கடைசியில் வெட்டும்போது லேபிள் ஓரத்துக்கு நெருங்கிவிடும். முடிந்த ஓரத்திலிருந்து 2 அங்குலமாவது உள்ளே இருக்கும்படி கணக்குப் போட்டு வையுங்கள்.

நூற்கண்டு · ஜூன் 14

குழந்தைக் குவில்ட்டுக்கும் இதேவா?

மிதிமெஷின் டீச்சர் · ஜூன் 14

குழந்தைக்குன்னா மெட்டாலிக் ஜரி நூல் வேண்டாம், உறுத்தும். எழுத்துக்குப் பின்னால இருக்கிற தாவல் நூல ஒண்ணு விடாம வெட்டிருங்க, விரல்ல சுத்திக்கும். லேபிளோட நாலு ஓரமும் முழுசா ஒட்டித் தைச்சிருக்கணும், ரெண்டு ஓரம் தொங்குற மாதிரி நாடா லேபிள் வைக்கக் கூடாது, வாயில போட்டு இழுக்கும். பேப்பர்ல கிழிக்கிறதுக்குப் பதிலா தண்ணில கரையிறது வாங்குங்க, வெந்நீர்ல ரெண்டு அலசு அலசினா பின்னால எதுவும் மிஞ்சாது. பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே குவில்ட் முடிஞ்சிருச்சுன்னா பேர் வரிக்கு 15 மில்லி காலியா விட்டுட்டு மத்த வரியத் தைங்க. லேபிளத் தனித் துண்டாவே வெச்சிருந்து, பேர் தெரிஞ்சப்புறம் அந்த வரிய மட்டும் ஃபிரேம்ல ஏத்தி முடிச்சு ஒட்டலாம். அதுக்கு முதல் தடவையே துணியில நடுக்கோடு ரெண்டும் அழியாமக் குறிச்சு வைக்கணும், ஓரமா ஒரு நூல் தையலாப் போட்டு வெச்சா போதும்.